காப்பீட்டு நிறுவனம் அரசிடம் என்ன கேட்கிறது? காலநிலை லாபியைத் தேடிப் பார்க்கும் வழி

பாலக்காட்டு வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு நெல் வயல், வருஷா வருஷம் அட்சயா கேந்திரத்துக்கு (கேரள அரசின் இணையச் சேவை மையம்) போய்ப் பயிர்க் காப்பீடு பதிகிறார்கள். தம்பி சம்பாதித்த காசில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு பொதுக் (ஆயுள் அல்லாத) காப்பீட்டு நிறுவனத்தின் பங்கு கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறார். அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் காலநிலை மாற்றம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்களாம், படம் எல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கிறதாம். ஆனால் இதே நிறுவனம் அரசிடமும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடமும் போய் என்ன கேட்கிறது, அதாவது என்ன லாபி செய்கிறது, என்பது எங்கேயும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா, மற்ற நாடுகளில் எப்படி என்பது கேள்வி.

நல்ல கேள்வி தம்பி. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், சர்வேயராக இழப்பு மதிப்பீட்டு வேலையிலேயே காலத்தை ஓட்டியவன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். பதில் இதுதான்: இந்தியாவில் அதை எழுதுவதற்கென்று நிறுவன அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, ஆனால் அதை நிரப்புவது நிறுவனத்தின் விருப்பம். வெளிநாட்டில் நிரப்ப வைக்கிறார்கள், அங்கேயும் முக்கியமான விஷயம் வேறு வழியாக நழுவிப் போகிறது. எப்படி நழுவுகிறது என்று தெரிந்துகொண்டால்தான் எங்கே பார்ப்பது என்று தெரியும்.

முதலில் நம் ஊர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வயலில் தண்ணீர் நின்று நெல் அழுகிப் போனால் அதை உள்ளூர்ப் பேரிடராகக் கணக்கெடுத்து அந்தந்த வயலுக்கு இழப்பீடு தருகிற ஏற்பாடு இருந்தது. 2018-ல் அதை எடுத்துவிட்டார்கள். கேரளத்தில் பெருவெள்ளம் வந்த வருஷம் எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எடுத்ததற்கு அரசு சொன்ன காரணங்கள் இரண்டு: காப்பீடு இருக்கிறது என்பதாலேயே பயிரைப் பார்த்துக்கொள்ளாமல் விடும் அபாயம், தண்ணீரில் மூழ்கிய பயிரை மதிப்பிடுவதில் உள்ள சிரமம். அப்புறம் 2025 நவம்பரில், 2026 காரிஃப் (மழைக்காலச் சாகுபடி) பருவத்திலிருந்து அதைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள், கூடவே காட்டு விலங்குகளால் வரும் பயிர் இழப்பையும் சேர்த்தார்கள். 72 மணி நேரத்துக்குள் இடக்குறியீட்டோடு படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்பது நிபந்தனை. பன்றி புகுந்த வயலைப் பார்த்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இப்போது யோசியுங்கள். எடுத்தபோது யார் எடுக்கச் சொல்லி எழுதினார்கள்? சேர்த்தபோது யார் வேண்டாமென்றார்கள், யார் சரியென்றார்கள்? மாநிலங்கள் கேட்டன என்பது செய்தியில் வரும், ஏனென்றால் அமைச்சர்கள் பேசுவார்கள். காப்பீட்டு நிறுவனங்களின் பக்கத்திலிருந்து போன கடிதம், கூட்டத்தில் சொன்ன கருத்து, நடத்திய பவர்பாயிண்ட் இவை செய்தியில் வராது. நிறுவனங்கள்தான் எடுக்கச் சொன்னார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. மூழ்கிய நெல்லை மதிப்பிடுவது உண்மையிலேயே கஷ்டம்தான், முழங்கால் சேற்றில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் யார் என்ன கேட்டார்கள் என்று ஒரு விவசாயி எடுத்துப் பார்க்க ஒரு பதிவேடு வேண்டும் அல்லவா, அது நம்மிடம் இல்லை.

வானிலை அடிப்படையிலான காப்பீட்டில் இது இன்னும் நுணுக்கமாக நடக்கும். அங்கே பொதுவாக யாரும் வயலுக்கு வந்து பார்ப்பதில்லை. குறிப்பிட்ட வானிலை நிலையத்தில் பதிவான மழையும் வெப்பமும் ஒப்பந்தத்தில் போட்ட அளவைவிடக் கூடினாலோ குறைந்தாலோ பணம், இல்லாவிட்டால் இல்லை. நிலையம் இருக்கும் இடத்தில் நல்ல மழை, உங்கள் வயலில் வெடிப்பு என்றால் உங்கள் பாடு திண்டாட்டம்தான். அந்த அளவுகளைப் போடுகிற பத்திரத்துக்கு டெர்ம் ஷீட் என்று பெயர். எத்தனை மில்லிமீட்டர், எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அதில் ஒரு வரி மாறினாலும் ஒரு பஞ்சாயத்தின் கிளெய்மே மாறிப்போகும். மாநில அளவிலான ஒருங்கிணைப்புக் குழுவில் அது முடிவாகிறது. வெப்பம் ஏற ஏற அந்த அளவுகளை எப்படித் திருத்துவது என்பதுதான் இனி வரும் சண்டை. லாபி என்றவுடன் டெல்லி ஐந்து நட்சத்திர ஓட்டலை நினைக்காதீர்கள், இந்த மாதிரிக் குழுக் கூட்டத்தில் ஒரு எண்ணை நகர்த்துவதும் லாபிதான்.

சரி, உலகத்துக்கு வருவோம். காப்பீட்டுக்காரர்களுக்குக் காலநிலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் மியூனிக் ரீ நிறுவனம் 1973-லேயே வெள்ளத்தைப் பற்றிய ஒரு வெளியீட்டில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதைக் குறிப்பிட்டது. 2024-ல் இயற்கைப் பேரழிவுகளால் உலக அளவில் ஏற்பட்ட மொத்த இழப்பு சுமார் 320 பில்லியன் டாலர், அதில் காப்பீடு செய்யப்பட்டிருந்தது சுமார் 140 பில்லியன் டாலர் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்குதான். இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் அரசுகளின் கழுத்தைப் பிடித்துக் காலநிலைச் சட்டம் போடச் சொல்லவில்லை? காரணம் எளிது. பொதுக் காப்பீட்டு பாலிசி பெரும்பாலும் ஒரு வருஷத்து ஒப்பந்தம். அபாயம் கூடினால் அடுத்த வருஷம் பிரீமியத்தை ஏற்றலாம், அல்லது அந்த ஊரை விட்டே போகலாம். இன்னொரு பக்கம், வசூலித்த பிரீமியம் முதலீடாகப் போகிறது, அதில் நிலக்கரி, எண்ணெய், மின்சார நிறுவனப் பங்குகளும் இருக்கும். நம் எல்ஐசி கோல் இந்தியாவிலும் என்டிபிசியிலும் பங்கு வைத்திருப்பது ஒன்றும் ரகசியமில்லை. ஆக ஒரே நிறுவனத்துக்குள் வெள்ளத்துக்குப் பணம் கட்டுகிற துறையும் நிலக்கரியில் பணம் பார்க்கிற துறையும் அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்திருக்கின்றன. அரசிடம் போய்ப் பேசும்போது எந்த அறையின் குரலில் பேசுகிறார்கள் என்பதுதான் பங்குதாரர் கேட்க வேண்டியது.

அந்தக் குரல் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்தக் குரலாகவும் இருக்காது. அமெரிக்காவில் ஹார்ட்லேண்ட் இன்ஸ்டிட்யூட் என்று ஒன்று, காலநிலை மாற்றத்தையே மறுக்கிற கும்பல். அங்கே காப்பீட்டு ஒழுங்குமுறை பற்றிய பிரிவு ஒன்றும் இருந்தது, ஸ்டேட் ஃபார்ம் போன்ற காப்பீட்டு நிறுவனங்கள் அந்த அமைப்புக்குப் பணம் கொடுத்துவந்தன. 2012-ல் காலநிலை மாற்றத்தை நம்புகிறவர்களை ஒரு வெடிகுண்டுக் கொலைகாரனோடு ஒப்பிட்டு சாலையோரம் பெரிய விளம்பரம் வைத்தார்கள். ஊர் சிரித்தது, நிறுவனங்கள் பணத்தை நிறுத்திக்கொண்டன, காப்பீட்டுப் பிரிவில் இருந்தவர்கள் வெளியேறி ஆர் ஸ்ட்ரீட் என்று தனி அமைப்பே தொடங்கினார்கள். பிரீமியக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லும் வேலைக்காகக் கொடுத்த பணம், அதே கூரைக்கு அடியில் காலநிலை மறுப்பையும் சேர்த்தே வளர்த்தது. விளம்பரம் மட்டும் கொஞ்சம் நாகரிகமாக இருந்திருந்தால் அந்தப் பணம் இன்னும் போய்க்கொண்டிருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 2021 ஜூலையில் ஆக்சா, அலியான்ஸ், அவிவா, ஜெனரலி, மியூனிக் ரீ, ஸ்கோர், ஸ்விஸ் ரீ, சூரிக் என்று எட்டுப் பெரிய தலைகள் ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் குடைக்குக் கீழே நிகர சுழிய காப்பீட்டுக் கூட்டணி என்று தொடங்கினார்கள். தாங்கள் காப்பீடு செய்யும் தொழில்களின் பசுமைக்குடில் வாயு உமிழ்வை 2050-க்குள் நிகர சுழியத்துக்கு, அதாவது வெளிவிடுவதும் நீக்குவதும் சமமாகிற நிலைக்குக் கொண்டுவருவோம் என்று வாக்குறுதி. உறுப்பினர் எண்ணிக்கை 30-ஐ நெருங்கியது. 2023 மார்ச்சில் மியூனிக் ரீ விலகியது, போட்டிச் சட்டச் சிக்கல் வரும் என்று காரணம் சொன்னது. மே மாதம் அமெரிக்காவின் 23 மாநில அட்டர்னி ஜெனரல்கள் சேர்ந்து கூட்டணி உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள், நீங்கள் கூட்டுச் சேர்ந்து விலையேற்றுகிறீர்கள் என்கிற தொனியில். அவ்வளவுதான், தலைமைப் பொறுப்பில் இருந்த ஆக்சா உட்பட ஒவ்வொருவராகக் கழன்றார்கள், 2024 ஏப்ரலில் கூட்டணியைக் கலைத்து அதற்குப் பதில் உறுதிமொழி ஏதும் கேட்காத ஒரு மன்றத்தை வைத்தார்கள். சட்ட அபாயம் நிஜம்தான். ஆனாலும் பாருங்கள், காலநிலைக்காகக் கூட்டுச் சேர்ந்தால் போட்டிச் சட்டம் குறுக்கே வருகிறது, காலநிலை விதிகளைத் தளர்த்தச் சொல்லி வர்த்தகச் சங்கம் வழியாகக் கூட்டாகப் போனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஏனென்றால் அரசிடம் மனுக் கொடுப்பது அங்கே அரசியல் சட்டம் தரும் உரிமை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காலநிலை லாபி என்றால் காலநிலைச் சட்டத்தை எதிர்ப்பது மட்டும் இல்லை. கலிஃபோர்னியாவில் 1988-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 103-ஆம் முன்மொழிவின்படி பிரீமியத்தை ஏற்ற அரசு அனுமதி வேண்டும். காட்டுத்தீ பெருகியதும் வருங்கால அபாயத்தைக் கணிக்கும் மாதிரிகளை வைத்துப் பிரீமியம் போட அனுமதி கேட்டு நிறுவனங்கள் நெருக்கின. ஸ்டேட் ஃபார்ம் 2023 மே மாதம் அங்கே புது வீட்டுக் காப்பீடுகளையே நிறுத்தியது. 2024 முடிவில் அந்த அனுமதி கிடைத்தது. இதில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது, பழைய கணக்கை வைத்து இன்றைய தீயை அளக்க முடியாது. ஆனால் காலநிலைச் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்பதைப் பற்றிய லாபி இது, அறிக்கையில் இதைக் காலநிலைத் தலைப்பில் போட மாட்டார்கள். நிறுவனத்தின் பச்சைப் பக்கத்தை மட்டும் படிக்கிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

வெளிப்படைத்தன்மைக்கு என்னதான் சட்டம் இருக்கிறது? அமெரிக்காவில் 1995-ல் வந்த லாபி வெளிப்படுத்தல் சட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எவ்வளவு செலவு, எந்த மசோதா, எந்த அவையை அல்லது எந்த அரசுத் துறையை அணுகினார்கள் என்று தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் மசோதாவை ஆதரித்தார்களா எதிர்த்தார்களா என்று எழுத வேண்டியதில்லை! அதோடு, 1945-லிருந்து அங்கே காப்பீடு முக்கியமாக மாநிலங்களின் கையில், அதனால் வாஷிங்டன் பதிவேட்டில் தெரிவது கொஞ்சம்தான், மீதி 50 மாநிலத் தலைநகரங்களில் சிதறிக் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளிப்படைத்தன்மைப் பதிவேடு இருக்கிறது, ஆணையர்களோடு நடந்த சந்திப்புகளும் வெளியிடப்படுகின்றன. நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கைக்கான அவர்களுடைய தரநிலையில் அரசியல் செல்வாக்கும் லாபியும் என்று தனிப் பிரிவே உண்டு. ஆனால் 2025-லிருந்து அந்த அறிக்கை விதிகளையே தள்ளிப்போட்டுச் சுருக்கும் வேலை நடக்கிறது.

காலநிலை அறிக்கைக்கு உலகம் முழுக்கப் பின்பற்றுகிற, டிசிஎஃப்டி என்ற சர்வதேசப் பணிக்குழுவின் பரிந்துரைகள் 2017-ல் வந்தன, இப்போது ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2 என்ற தரநிலை அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. நிர்வாகம், உத்தி, அபாய மேலாண்மை, அளவீடு என்று நான்கு தலைப்பு. லாபிக்குத் தனித் தலைப்பு கிடையாது. நிறுவனத்துக்குக் காலநிலையால் என்ன ஆபத்து என்று கேட்கிறார்களே தவிர, காலநிலைக் கொள்கைக்கு நிறுவனத்தால் என்ன ஆபத்து என்று கேட்பதில்லை. உங்கள் ஆண்டறிக்கை பக்கம் பக்கமாக இருந்தும் உங்கள் கேள்விக்கு விடை இல்லாமல் போனது இதனால்தான்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2022 மார்ச்சில் பொறுப்பான காலநிலை லாபிக்கான உலகத் தரநிலை என்று ஒன்று வந்தது. ஸ்வீடனின் ஏபி7 ஓய்வூதிய நிதி, பிஎன்பி பரிபா அசெட் மேனேஜ்மென்ட், இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதிய வாரியம் மூன்றும் முன்னின்று கொண்டுவந்தன. மொத்தம் 14 அம்சங்கள், எல்லாவற்றையும் இங்கே கொட்ட வேண்டாம், சாரம் இதுதான்: எங்கள் லாபி பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்துக்கு ஒத்துப்போகும் என்று இயக்குநர் குழு எழுத்தில் உறுதி தர வேண்டும், அதற்குப் பெயர் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும், நேரடியாகக் கேட்டதையும் சங்கங்கள் வழியாகக் கேட்டதையும் வருஷம் ஒரு முறை சரிபார்த்து வெளியிட வேண்டும், சங்கத்தின் நிலைப்பாடு முரண்பட்டால் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும், சரிவராவிட்டால் விலக வேண்டும். லண்டனில் உள்ள இன்ஃப்ளூயன்ஸ்மேப் என்ற அமைப்பு நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் ஏ பிளஸ் முதல் எஃப் வரை மதிப்பெண் போடுகிறது, ரிப்போர்ட் கார்டு மாதிரி. பங்குதாரர் அழுத்தமும் வேலை செய்கிறது: 2020-ல் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான செவ்ரானில் காலநிலை லாபி பற்றிய தீர்மானத்துக்கு 53 சதவீத ஓட்டு, அடுத்த வருஷம் இன்னொரு எண்ணெய் நிறுவனமான எக்ஸானில் 60 சதவீதத்துக்கு மேல். காப்பீட்டில் 2022-ல் சப் (Chubb) என்ற காப்பீட்டு நிறுவனத்தில், நீங்கள் காப்பீடு செய்கிற, முதலீடு செய்கிற தொழில்களின் உமிழ்வைப் பற்றி அறிக்கை கொடுங்கள் என்ற தீர்மானத்துக்கு நிர்வாகத்தின் பேச்சை மீறி 72 சதவீத ஓட்டு விழுந்தது.

இந்தியாவில் இப்படி ஒரு தீர்மானம் கொண்டுவருவது உங்களுக்கோ எனக்கோ நடக்காத காரியம். அமெரிக்காவில் மூன்று வருஷம் 2,000 டாலர் பங்கு வைத்திருந்தால் போதும். இங்கே 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி ஓட்டுரிமை உள்ள பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். பத்து சதவீதம் வைத்திருப்பவர் எதற்குத் தீர்மானம் கொண்டுவரப் போகிறார், ஒரு போன் போட்டுப் பேசிக்கொள்வார்.

லாபியைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டமும் நம்மிடம் இல்லை. இந்தியச் சந்தைக்குள் நுழைய லாபிக்குச் செலவழித்ததாக எழுந்த வால்மார்ட் விவகாரத்தில் 2012-ல் நாடாளுமன்றம் அமளிப்பட்டு, நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். 2013-ல் ஒரு எம்பி தனிநபர் மசோதாவும் கொண்டுவந்தார், சட்டம் ஆகவில்லை. கட்சிகளுக்குக் கொடுக்கும் நன்கொடை வேறு கதை, 2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு அதிலாவது கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கிறது.

ஆனால் உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது தம்பி. பங்குச் சந்தையின் முதல் 1,000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கையை (தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் ஒன்பது கோட்பாடுகள், ஏழாவதை மட்டும் திறந்து பாருங்கள். கொள்கைகள் மீது செல்வாக்குச் செலுத்தும்போது பொறுப்போடும் வெளிப்படையாகவும் செய்ய வேண்டும் என்பதுதான் அந்தக் கோட்பாடு. முதலில் கட்டாயக் கேள்வி: எத்தனை வர்த்தகச் சங்கங்களில் இருக்கிறீர்கள், முதல் பத்தின் பெயர் என்ன. இதைப் போட்டே ஆக வேண்டும். அதற்குக் கீழே விருப்பக் கேள்வியாக ஒரு அட்டவணை: எந்தக் கொள்கைக்காக வாதாடினீர்கள், எந்த வழியில், பொதுவெளியில் கிடைக்குமா, இயக்குநர் குழு எத்தனை காலத்துக்கு ஒரு முறை பார்க்கிறது, இணைப்பு எங்கே. நான் முன்னே சொன்ன உலகத் தரநிலையின் பாதிக் கேள்விகள் இந்த ஒரு அட்டவணையில் வந்துவிடும். விருப்பம் என்று போட்டுவிட்டதால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடவும் செய்யலாம், 'சங்கங்கள் மூலம் கருத்துத் தெரிவிக்கிறோம்' என்று ஒற்றை வரியில் முடிக்கவும் செய்யலாம். உங்கள் நிறுவனம் என்ன போட்டிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். செபி இதைக் கட்டாயப் பக்கத்துக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கட்சி.

சங்கம் என்று சொன்னேனே, காப்பீட்டில் அது மற்றத் தொழில் மாதிரி இல்லை. பொதுக் காப்பீட்டுக் கவுன்சிலும் ஆயுள் காப்பீட்டுக் கவுன்சிலும் 1938-ஆம் வருஷக் காப்பீட்டுச் சட்டத்தின் 64சி பிரிவில் உருவானவை, நிறுவனமாக இருந்தாலே உறுப்பினர்தான். கொள்கை பிடிக்காவிட்டால் சங்கத்தை விட்டு விலகு என்கிற வெளிநாட்டு மருந்து இங்கே செல்லாது. விலகவே முடியாத சங்கம் என்றால், அது ஆணையத்துக்கு எழுதுகிற ஒவ்வொரு கருத்தும் வெளியே வர வேண்டும், எந்த நிறுவனம் மாறுபட்டது என்பதும் வர வேண்டும். இதைச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் டிராயைக் காட்டுங்கள். தொலைத்தொடர்பு ஆணையம் ஒவ்வொரு ஆலோசனை அறிக்கைக்கும் வந்த கருத்துகள், அதற்கு வந்த எதிர்க்கருத்துகள் எல்லாவற்றையும் கம்பெனி பெயரோடு தன் தளத்திலேயே போடுகிறது. ஹைதராபாத்தில் இருக்கிற காப்பீட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ வரைவு விதிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது, அது நல்லதுதான், வந்த கருத்துகளையும் டிராய் மாதிரியே போடட்டும். 2024-ல் கொண்டுவந்த நிர்வாக விதிகளில் காப்பீட்டு நிறுவனங்கள் இயக்குநர் குழு ஒப்புதலோடு சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் பற்றிய கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், லாபியை அதற்குள் கொண்டுவர ஒரு சுற்றறிக்கை போதும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது. நிறுவனம் பொதுத்துறை என்றால் நேரே அவர்களுக்கே ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடலாம். தனியார் என்றால் அவர்கள் எழுதிய கடிதத்தைப் பெற்றுக்கொண்ட இடத்தில், அதாவது ஐஆர்டிஏஐயிலோ வேளாண் அமைச்சகத்திலோ மாநில வேளாண் துறையிலோ போடுங்கள். 'லாபி விவரம் தருக' என்று பொதுவாகக் கேட்டால் எதுவும் வராது. இந்தப் பருவத்துக்கான டெர்ம் ஷீட்டை இறுதி செய்த கூட்டத்தின் குறிப்பு, அதற்குக் காப்பீட்டு நிறுவனங்கள் எழுத்தில் கொடுத்த கருத்துகளின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்று அதே பிரிவிலேயே இருக்கிறது, முதல் மேல்முறையீட்டில் அதை எழுதுங்கள். உங்கள் பாடசேகர சமிதி (நெல் விவசாயிகள் சங்கம்) பெயரில் லெட்டர்பேடு இருக்குமே, சமிதிச் செயலாளர் தன் பெயரில் கையெழுத்துப் போட்டு அதில் அனுப்பினால் பொதுநலன் என்ற வாதம் இன்னும் எடுபடும்.

அப்புறம் ஏஜிஎம், அதாவது பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம். இப்போது பெரும்பாலும் வீடியோவிலேயே நடக்கிறது, பேச்சாளராக முன்கூட்டியே பதிவு செய்தால் ஒரு பங்கு வைத்திருப்பவரும் பேசலாம். கிடைப்பது இரண்டு மூன்று நிமிஷம், அதில் பாதியை வணக்கத்துக்கும் சேர்மனைப் புகழவும் செலவழிக்கிறார்கள் நம் ஆட்கள். நீங்கள் நேரே கேளுங்கள்: ஏழாம் கோட்பாட்டின் விருப்ப அட்டவணையை ஏன் நிரப்பவில்லை, நெல் மூழ்கும் இழப்பையும் காட்டு விலங்கு இழப்பையும் சேர்ப்பது பற்றி அமைச்சகத்துக்கு நீங்கள் கொடுத்த கருத்து என்ன, கவுன்சில் கொடுத்த கருத்து என்ன, இதற்கு இயக்குநர் குழுவில் யார் பொறுப்பு. கேள்வியை முன்னதாகவே கம்பெனி செயலாளருக்கு மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் 'ஆஃப்லைனில் பதில் தருகிறோம்' என்று சொல்லித் தப்பினால், எழுதிக் கேட்டதற்கு எழுத்தில் பதில் கொடுங்கள் என்று அந்த மின்னஞ்சலைக் காட்டிப் பின்னாலேயே போகலாம்.